நாலாவது பெயர்

மூன்று பெயர்களை எழுதி முடித்தாயிற்று: றெட்கேட், ஹார்பர், ஓல்ட் பவிலியன். அதற்குக் குணநாயகம் மாஸ்டர் தேவையே இல்லை, புள்ளிப் பட்டியலைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கிறவன்கூடச் சொல்லிவிடுவான். எட்டுக் கழகங்கள் ஆடுகிற றக்பி லீக், முதல் நாலு கழகங்களுக்கு மட்டும் பிளே-ஓஃப் என்கிற இறுதிச் சுற்று, இன்னும் ஒரு கிழமைப் போட்டிதான் பாக்கி, இந்த மூன்றும் மற்றவர்களுக்கு எட்டாத இடத்தில் போய்க் குந்திவிட்டன. சிக்கல் நாலாவதில். திரையில் 4 என்று அடித்து ஒரு புள்ளியும் வைத்துவிட்டு அரை மணித்தியாலமாக இருக்கிறார், புள்ளிக்குப் பக்கத்தில் அந்தச் சின்னக் கோடு மின்னுவதும் மறைவதுமாக நிற்கிறது. புதன்கிழமை, பின்னேரம் இரண்டரை. கொழும்பில் பத்திரிகைக் கந்தோரில் நௌஃபர் நாலு மணிக்கு விளையாட்டுப் பக்கத்தை மூடிவிடுவான். கண்டியில் தன் வீட்டு முன்னறையில், விசிறிக்குக் கீழே, கணக்கு வாத்தியாராக இருந்து இளைப்பாறிய ஓர் ஆள் ஒரு பெயரை எழுத முடியாமல் இருக்கிறார். ஹில்டொப்புக்கு நாற்பத்தொரு புள்ளி, லேக்சைட்டுக்கு நாற்பது. சனிக்கிழமை இரண்டுக்கும் ஹில்டொப்பின் மைதானத்தில் போட்டி. வென்றவன் உள்ளே, தோற்றவன் வெளியே. இவ்வளவு சுத்தமான கணக்கைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூட அவர் கொடுத்ததில்லை. ஹில்டொப்பின் ஏழாம் இலக்கச் சட்டை அவருடைய மகன் மயூரதனுடையது என்கிற ஒன்றைத் தவிர அதில் குழப்பம் எதுவுமில்லை.

இதில் ஒரு பகிடி இருக்கிறது. குணநாயகத்துக்குக் கரிநாக்கு. அவர் பெயர் போட்ட கழகம் உருப்படாது. பதினொரு வருடமாகத் தமிழ்ப் பத்திரிகையில் பிளே-ஓஃபுக்குப் போகும் கழகங்களை முன்கூட்டிச் சொல்கிற 'கடைசி நாலு' எழுதுகிறார், ஒரு வருடமாவது நாலு பெயரும் சரியாக வந்ததில்லை, இரண்டு சரி வந்தால் அது நல்ல வருடம். ஒருமுறை 'ஹார்பரை இம்முறை எவராலும் அசைக்க முடியாது' என்று எழுதினார், பத்திரிகை வந்த அன்று பின்னேரமே ஹார்பர் தலைவன் பயிற்சியில் கணுக்காலை முறித்துக்கொண்டான். அதிலிருந்து மைதானத்தில் சிங்களப் பெடியளும் அவரைக் கண்டால் 'கட்டவஹ மாஸ்டர்' என்பார்கள், வாயில் விஷம் உள்ளவர் என்று. கையெடுத்துக் கும்பிட்டு எங்கள் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள் என்பார்கள். அவரும் வாய்விட்டுச் சிரிப்பார். முப்பத்திரண்டு வருடம் நிகழ்தகவு படிப்பித்த ஆளுக்கு நாக்கில் என்ன நம்பிக்கை. நம்பிக்கை இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தார், மயூ ஹில்டொப்பில் சேரும்வரைக்கும். அதன் பிறகு ஐந்து வருடம், ஒருமுறையேனும் ஹில்டொப்பின் பெயரை அவர் எழுதவில்லை. மகன் ஆடுகிற கழகம், எழுதினால் பக்கச்சார்பு என்பார்கள் என்று வதனியிடம் விளக்கம் சொன்னார். வதனி அவரைப் பார்த்த பார்வையில் முப்பது வருடக் குடித்தனம் முழுவதும் இருந்தது. அதோடு அந்த ஐந்து வருடமும் ஹில்டொப் எழுதத்தக்க இடத்தில் இருக்கவில்லை, ஆறாவதும் ஏழாவதுமாய்க் கிடந்தது. இந்த வருடந்தான் முதல் தடவை.

காலை பத்து மணிக்கு மயூ தொலைபேசியில் எடுத்தான். "அப்பா, எழுதிட்டீங்களோ?" "இல்லையடா, இனித்தான்." "எங்கட பேரைப் போட்டிடாதேங்கோ, என்ன. இந்த ஒரு வருசம் மட்டும். போட்டீங்களெண்டா நான் பேரை மாத்திக்கொண்டு லேக்சைட்டுக்குப் போயிடுவன்." குணநாயகம் சிரித்தார், நல்லாய்த்தான் சிரித்தார். "அம்மாட்டச் சொல்லுங்கோ, சனிக்கிழமை கோயிலுக்குப் போகேக்க ரெண்டு தேங்காய் கூட அடிக்கச் சொல்லி." சரியடா என்று வைத்தார். இருபத்தாறு வயது, மைதானத்துக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டாளிகளோடு அறை எடுத்து இருக்கிறான், காலையில் காப்புறுதிக் கொம்பனி, பின்னேரம் பயிற்சி, ஞாயிறு மதியம் வீட்டுச் சாப்பாடு. அவன் இப்படி நடுவில் எடுத்துக் கதைப்பது சந்தோஷமான விஷயம். வதனியிடம் தேங்காய்க் கதையைச் சொன்னார், அவள் 'ரெண்டென்ன, நாலு அடிப்பம்' என்றாள். அது பத்து மணி. அந்தக் கதை அந்த இடத்தில் முடிந்திருக்க வேண்டும், அப்படி முடிந்திருந்தால் இப்போது நாலாவது பெயரும் எழுதப்பட்டு, பக்கமும் போய், அவர் ஒரு கண்ணயர்ந்து எழும்பியிருப்பார்.

ஒன்று இருபதுக்கு மறுபடியும் எடுத்தான். சோறு தின்றுகொண்டிருந்தார், கையைக் கழுவாமல் இடது கையால் தொலைபேசியைக் காதில் வைத்தார். "அப்பா, எழுதிட்டீங்களோ?" காலையில் கேட்டதற்குப் பிறகு எழுதியாயிற்றா என்று கேட்கிறான் என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டார். "இன்னும் இல்லையடா." "எங்கட பேரைப் போட்டிடாதேங்கோ, என்ன. இந்த ஒரு வருசம் மட்டும். போட்டீங்களெண்டா நான் பேரை மாத்திக்கொண்டு லேக்சைட்டுக்குப் போயிடுவன்." அதே இடத்தில் மூச்சு விட்டான். அதே இடத்தில், அப்பா சிரிப்பார் என்று காத்திருந்தான். குணநாயகம் சிரித்தார். ஏன் சிரித்தார்? 'காலமையும் இதைத்தானேடா சொன்னாய்' என்று ஒரு சொல் கேட்டிருந்தால் 'ஓ, சொன்னனான் என்ன' என்று அவனும் சொல்லியிருப்பான், இரண்டு பேரும் மறந்திருப்பார்கள். கேட்கவில்லை. கேட்டால் அவன் 'இல்லையே, இண்டைக்கு இப்பத்தானே எடுக்கிறன்' என்று சொல்லிவிடுவானோ என்ற பயம் சோற்றுக் கையோடு அப்படியே அவரைப் பிடித்து வைத்தது. "அம்மாட்டச் சொல்லுங்கோ, சனிக்கிழமை கோயிலுக்குப் போகேக்க ரெண்டு தேங்காய் கூட அடிக்கச் சொல்லி." கடைசியில், விளையாட்டுப்போல, "தம்பி, அந்த அஞ்சு சொல்லும் ஞாபகம் இருக்கோடா?" என்று கேட்டார். "எந்த அஞ்சு சொல்?" என்றான் மயூ. பகிடிக்கு அப்படிச் சொன்னானா, உண்மையாகவே கேட்டானா, குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. வைத்துவிட்டான். வதனி குசினியிலிருந்து "ஆர், பிள்ளையோ?" என்றாள். "இல்லை, நௌஃபர்" என்றார். சோற்றைப் பிசைந்து பிசைந்து அதைக் கூழாக்கி, தின்னாமல் எழும்பினார்.

எலுமிச்சை, ஏணி, குடை, வண்டு, கதவு. அவருக்கு ஐந்தும் ஞாபகம் இருக்கிறது, அறுபத்திமூன்று வயதில், ஒரே ஒருமுறை சாப்பாட்டு மேசையில் கேட்டதற்கே. தை மாதம், பருவம் தொடங்குமுன் கழக டொக்டர் திலினி ஒவ்வொரு வீரனையும் தனித்தனியே இருத்தி ஐந்து சொற்களை வாசித்து, கொஞ்ச நேரம் வேறு கதை கதைத்து, பிறகு திருப்பிச் சொல்லச் சொல்வார். மாதங்களை மார்கழியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்வார். ஒற்றைக் காலில் நிற்க வைப்பார். எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்வார். பிறகு போட்டியில் எவனுக்காவது தலையில் அடிபட்டால் அதே சோதனையை வைத்து அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார், குறைந்தால் வீட்டுக்கு. இதில் வீரர்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள், ஒரு கழகம் இரண்டு கழகமில்லை, எல்லா இடத்திலும் இருக்கிறதாம். தை மாதத்திலேயே வேண்டுமென்று சொதப்பிவிடுவது. நல்ல தலையோடு ஐந்தில் மூன்று சொல்வது, ஒற்றைக் காலில் தள்ளாடுவது. பிறகு தலை கலங்கிய அன்றைக்கு மூன்று சொன்னாலும் தாளோடு பொருந்திவிடும், நோர்மல். மயூ இதை ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்காய்க் குழம்புக்கு நடுவில் சிரித்துச் சிரித்துச் சொன்னான். "நாளைக்கு எனக்கும் வைக்கினம் அப்பா. நான் ரெண்டு சொல்லுவமெண்டு பாக்கிறன்." குணநாயகமும் சிரித்தார். சிரித்ததோடு நின்றாரா? கணக்கு வாத்தியார் அல்லவா, சும்மா இருக்கேலுமா. "ரெண்டு சொன்னாச் சந்தேகம் வரும். மூண்டு சொல்லு" என்றார். மூன்று சொல்லு. அவருடைய வாயால், அவருடைய மேசையில், குழம்பு ஊற்றிக்கொண்டு. அடுத்த ஞாயிறு சாப்பாட்டு மேசையில் ஐந்தையும் சொல்லிக் காட்டி, குடையையும் வண்டையும் விட்டுவிட்டேன் என்று மயூ சொன்னபோது முதுகில் தட்டினார். எலுமிச்சை, ஏணி, கதவு. போன சனிக்கிழமை ஆட்டம் முடிந்து உடுப்பு மாற்றுகிற அறையில் டொக்டர் திலினி கேட்டபோதும் மயூ மூன்று சொல்லியிருக்கிறான். தாளில் மூன்று, வாயில் மூன்று. நோர்மல் என்று எழுதியிருக்கிறார். அந்த மூன்றைக் கொடுத்தவர் பார்வையாளர் மேடையில் குறிப்புப் புத்தகத்தோடு இருந்தார்.

அறுபத்திமூன்றாவது நிமிடம். ஒளிப்பதிவை இதுவரை ஒன்பது தரம் பார்த்துவிட்டார். எதிரணியின் பெரிய உடம்பு ஒன்று பந்தோடு நேரே வருகிறது, மயூ டக்கிளுக்குக் குனிந்து இடுப்பைப் பிடிக்கப் போகிறான், அந்த உடம்பின் முழங்கால் மயூவின் காதுக்கு மேலே படுகிறது. இரண்டு பேரும் விழுகிறார்கள். மயூ எழும்புகிறான், உடனே எழும்புகிறான், அதைப் பார்த்துத்தான் மேடையில் எல்லாரும் கை தட்டினார்கள். எழும்பி நடந்து போய் எதிரணியின் வரிசையில் நிற்கிறான். ஹில்டொப்பின் பச்சைச் சட்டையோடு சிவப்புச் சட்டைகளுக்கு நடுவில், தன்னுடைய அணியின் கோல் கம்பங்களையே பார்த்துக்கொண்டு, கையை விரித்து, பந்து வரட்டும் என்று. சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் தோளில் பிடித்து அவனைத் திருப்பி விடுகிறான், சிரித்துக்கொண்டு, சந்தையில் வழி தவறிய ஆளைத் திருப்பி விடுகிறமாதிரி. கூட்டம் சிரித்தது. குணநாயகமும் சிரித்தார். எத்தனை இடத்தில்தான் இந்த மனுஷன் சிரித்திருக்கிறார். குறிப்புப் புத்தகத்தில் '63 – ம. – டக்கிள் – நன்று' என்று எழுதினார். அது இப்போதும் மேசையில் கிடக்கிறது, அவருடைய நல்ல எழுத்தில். மயூ பிறகு பதினேழு நிமிடம் ஆடினான். கடைசி நிமிடத்தில் பந்தை எதிரியின் கையிலிருந்து பறித்தவனும் அவன்தான், அந்தப் பறிப்பில்தான் ஹில்டொப் வென்றது, நாற்பத்தொன்று என்கிற புள்ளி அங்கிருந்து வந்ததுதான். அந்த ஒன்றையும் சேர்த்துத்தான் இப்போது அவர் கணக்குப் பார்க்கிறார்.

"இஞ்சேருங்கோ, தேத்தண்ணி போடட்டே?" வதனி வாசலில் நிற்கிறாள். அவள் போட்டி பார்ப்பதில்லை, ஒருநாளும். மயூ ஆடுகிற நேரம் முழுக்கக் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் வீதியைச் சுற்றிச் சுற்றி வருவாள், ஆரும் வந்து முடிந்தது என்று சொன்ன பிறகுதான் வீட்டுக்கு வருவாள். "வேண்டாம்." "சாப்பிடவும் இல்லை." "பசிக்கேல்லை." அவள் போகவில்லை. "பிள்ளை இண்டைக்கு எத்தின தரம் எடுத்தவன்?" "ஒருக்கா." அவள் கதவு நிலையைச் சீலைத் தலைப்பால் துடைத்தாள், அதில் தூசி ஒன்றும் இல்லை. "ஞாயிற்றுக்கிழமை வந்தவன், மத்தியானம் முழுக்க யன்னலைச் சாத்திப்போட்டுக் கிடந்தவன். வெளிச்சம் கண்ணைக் குத்துதாம்." "நித்திரை இல்லாமல் இருந்திருப்பான்." "ம்" என்றாள். அந்த ஒரு எழுத்தைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். யன்னல் விஷயம் அவருக்குத் தெரியாது. அன்றைக்கு அவர் போட்டி அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார்.

மைதான வாசலில் பிரசன்ன நிற்பான். நாற்பத்திரண்டு வயது இருக்கும், ஹில்டொப்பின் பழைய முன்வரிசைக்காரன், ஒரு காலத்தில் இரண்டு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளுகிற ஸ்க்ரத்தில் அவன் குனிந்தால் எதிரணி பின்னுக்குப் போகும். குணநாயகம் உள்ளே போகும்போது "மாஸ்டர், மெச் எத்தனை மணிக்கு?" என்று கேட்பான். நாலரைக்கு என்பார். இடைவேளையில் தேத்தண்ணி வாங்க வெளியே வந்தால், உள்ளே ஐயாயிரம் பேர் கத்துகிற சத்தத்துக்கு நடுவில், "மாஸ்டர், மெச் எத்தனை மணிக்கு?" என்பான். முகத்தில் அதே மரியாதை, அதே சிரிப்பு. போகும்போதும் கேட்பான். எல்லாரும் நாலரைக்கு என்றே சொல்லிவிட்டுப் போவார்கள், அவன் மனம் நோகக்கூடாது என்று. குடிதான் காரணம் என்று சிலர் சொன்னார்கள். அவன் குடித்து ஒருவரும் கண்டதில்லை. குணநாயகமும் நாலரைக்கு என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களில் ஒருவர், பத்து வருடமாக. இன்றைக்கு ஒன்று இருபதுக்கு அவர் சிரித்த சிரிப்பும் அந்த 'நாலரைக்கு' தான். விசிறியைக் கூட்டிவிட்டார். மேசைத் தாள்கள் எல்லாம் பறந்தன, பொறுக்கி அடுக்கினார், மறுபடியும் குறைத்தார்.

எழுதுவோம். ஏதாவது ஒன்றை எழுதினால் மனம் ஒரு பக்கமாகப் போகும். 'ஹில்டொப்' என்று அடித்தார். இதுவும் ஒரு வழிதானே என்று அப்போதுதான் தோன்றியது. பேரைப் போட்டால் தோற்கும். பதினொரு வருடச் சரித்திரம் அப்படித்தான் சொல்கிறது. தோற்றால் பிளே-ஓஃப் இல்லை, பருவம் முடிந்தது, மயூ வீட்டுக்கு வருவான், யன்னலைச் சாத்திக்கொண்டு ஆறு மாதம் கிடக்கட்டும், ஒருவரும் ஒன்றும் கேட்கத் தேவையில்லை, அப்பா கரிநாக்கு என்று திட்டுவான், திட்டட்டும், அதைப் போல இன்பம் உண்டா. ஒரு விநாடி உண்மையிலேயே உடம்பு இலேசானது. பிறகு கணக்கு வாத்தியார் எழும்பினார். தோற்பதற்கும் எண்பது நிமிடம் ஆட வேண்டும். அந்த எண்பதில் மயூ இருபது தரமாவது தலையைக் குனிந்து ஓர் உடம்புக்குள் போக வேண்டும். ஒன்று போதும். இரண்டாவது அடி முதலாவதின் மேலே விழுந்தால் என்ன ஆகும் என்று டொக்டர் திலினியே பருவத் தொடக்கத்தில் வகுப்பு எடுத்தார், அதை அவர் 'வீரர் நலன்' என்று நாலு பந்தியில் தமிழில் எழுதியும் இருக்கிறார், 'மூளை வீக்கம்' என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லி. ஹில்டொப்பை அழித்தார். 'லேக்சைட்' என்று அடித்தார். லேக்சைட்டின் பெயரைப் போட்டால் லேக்சைட் தோற்கும், ஹில்டொப் உள்ளே போகும், இன்னும் ஒரு போட்டி, இன்னும் இரண்டு போட்டி, அதையும் அழித்தார். கடைசியில் பார்த்தால் வெட்கமாக இருந்தது. அறுபத்திமூன்று வயது ஆம்பிளை, வாயால் சொல்ல வேண்டியதை நாக்கின் மந்திரத்திடம் கொடுத்துச் செய்விக்கப் பார்க்கிறார்.

சொன்னால் அவன் கதைக்கமாட்டான். அதுதான் உண்மை, மற்றதெல்லாம் சோடனை. மகன் தன்னோடு கதைக்காமல் போய்விடுவான் என்ற பயம், வேறு ஒன்றுமில்லை. குணநாயகம் ஒருநாளும் றக்பி ஆடியதில்லை, சின்ன வயதில் முட்டு வருத்தம், பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி ஒருதரம் ஓடினால் இரண்டு நாள் மூச்சு இழுக்கும். கோட்டுக்கு வெளியே நின்று புள்ளி எழுதிக் கொடுத்தவர். மயூ பிறந்து ஏழு வயதில் அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் கோட்டுக்கு உள்ளே விட்டபோது, அவன் நேரே ஓடிப்போய் தன்னைவிடப் பெரியவன் ஒருவனைக் கட்டிப் பிடித்து விழுத்தினான், சேறு பூசிய முகத்தோடு திரும்பி அப்பாவைத் தேடினான். அந்த முகத்துக்காகத்தான் பத்தொன்பது வருடம் மைதானத்தில் இருக்கிறார். ஒலிபெருக்கியில் மயூரதன் என்ற பெயரை அறிவிப்பாளர் முதல் வருடம் மூன்று விதமாகக் கடித்தார், இப்போது கூட்டமே ஒரே குரலில் சரியாகச் சொல்கிறது. அந்தச் சத்தம் வரும்போது அவர் குறிப்புப் புத்தகத்தில் குனிந்து எதையாவது எழுதுவார், கண்ணை மற்றவர்கள் பார்க்காதபடி. ஒன்பது வருடத்துக்குப் பிறகு ஹில்டொப் பிளே-ஓஃபுக்குப் போகிறது, அதற்கு ஒரு பெடியன் காரணம், அவனை மைதானத்தை விட்டு வெளியே இழுக்க வேண்டிய ஆள் அவனுடைய அப்பன். அதோடு முடியாது. மயூ சொன்ன மூன்று பொய் என்றால், மற்ற இருபத்தெட்டுப் பெடியளின் தாளும் பொய். முழுக் கழகமும் அவரைக் காறித் துப்பும். மைதான வாசலில் பிரசன்ன மட்டுந்தான் அவரோடு கதைப்பான், மெச் எத்தனை மணிக்கு என்று.

தொலைபேசி அடித்தது. மயூ என்று நினைத்துப் பாய்ந்து எடுத்தார். நௌஃபர். "மாஸ்டர், கொப்பி எங்க? மூண்டே கால் ஆவுது." "வருது, வருது." "நாலாவது ஆரு? லேக்சைட்டா ஹில்டொப்பா? இங்க டெஸ்க்குல பெரிய சண்டை. ஹில்டொப்புனு போட்டுராதீங்க மாஸ்டர், பாவம் உங்கட மகன்." பின்னால் ஆரோ சிரிக்கிற சத்தம். "மாஸ்டர்? இருக்கீங்களா?" "இருக்கிறன். நௌஃபர், ஒண்டு கேக்கட்டே. இண்டைக்கு மத்தியானம் நீ எனக்கு எடுத்தனியோ?" "இல்லியே மாஸ்டர். ஏன்?" "சும்மா." வைத்தார். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அது உண்மையாக இருக்குமோ என்று கேட்டுப் பார்க்கிற ஆளாக ஆகிவிட்டார். எலுமிச்சை, ஏணி, குடை, வண்டு, கதவு. மார்கழி, கார்த்திகை, ஐப்பசி, புரட்டாதி. தன் தலையைத் தானே சோதித்துப் பார்த்தார், ஒரு குறையும் இல்லை, நல்ல தலை. அந்த நல்ல தலை நாலு நாளாக என்ன செய்துகொண்டிருந்தது? ஒளிப்பதிவை ஒன்பது தரம் பார்த்தது. புள்ளி கூட்டியது.

டொக்டர் திலினியின் இலக்கம் 'வீரர் நலன்' எழுதியபோது வாங்கியது. மூன்றாவது மணியில் எடுத்தார். குணநாயகம் சிங்களத்தில் பேசினார், நல்ல சிங்களம், ஆனால் முதல் வசனம் இரண்டு தரம் உடைந்தது. "டொக்டர், தை மாதத்தில் மயூரதன் சொன்ன மூன்று பொய். அவனுக்கு ஐந்தும் தெரியும். மூன்று சொல்லச் சொல்லிக் கொடுத்தது நான்." மறுபக்கத்தில் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு கேள்விகள் வந்தன, ஒவ்வொன்றாக, கோபம் இல்லாத குரலில், அது கோபத்தைவிடப் பொல்லாததாக இருந்தது. எப்போது அடிபட்டது, பிறகு என்ன கண்டீர்கள். எதிரணி வரிசையில் போய் நின்றதைச் சொன்னார். யன்னலைச் சொன்னார். இன்றைக்கு இரண்டு தரம் எடுத்ததை, ஒரே வசனங்களை, ஒரே இடத்தில் மூச்சு விட்டதைச் சொன்னார். வாசலில் வதனி நின்றுகொண்டிருந்தாள், எவ்வளவு நேரமாகவோ. அவளுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். "இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஸ்கான் எடுக்க வேண்டும்" என்றார் டொக்டர். "பயிற்சியும் இல்லை, சனிக்கிழமையும் இல்லை, இந்தப் பருவமே இல்லை. மற்ற வீரர்களின் தாள்களை நான் பார்த்துக்கொள்கிறேன். மயூரதனிடம் நான் சொல்லவா, நீங்கள் சொல்கிறீர்களா?" நான் சொல்கிறேன் என்றார். வைத்த பிறகு வதனியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "மூண்டு சொல்லச் சொன்னது நீங்களோ?" என்று தமிழில் கேட்டாள். தலையை ஆட்டினார். அவள் உள்ளே போய் அலுமாரியைத் திறந்து மயூவின் ஆஸ்பத்திரிக் கொப்பியையும் ஒரு மாற்றுச் சட்டையையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

மூன்று நாற்பது. நாலாவது பெயரை எழுத இப்போது ஒரு நிமிடமும் எடுக்கவில்லை. '4. லேக்சைட். ஹில்டொப்பின் ஏழாம் இலக்க வீரர் இப்பருவத்தில் இனி ஆடமாட்டார். அவர் இல்லாமல் சனிக்கிழமை ஹில்டொப்பால் பந்தைப் பறிக்க முடியாது.' இரண்டே வசனம். காரணம் எழுதவில்லை, பெயரும் எழுதவில்லை. திருப்பி வாசித்தார். பதினொரு வருடத்தில் நடக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்து அவர் எழுதிய முதல் எதிர்வுகூறல் இதுதான், இதற்கு நாக்கும் தேவையில்லை, நிகழ்தகவும் தேவையில்லை. அனுப்பினார். நாளைக் காலையில் வாசிக்கிறவர்கள் வழக்கம்போலச் சிரிப்பார்கள், கட்டவஹ மாஸ்டர் சொன்னால் எதிராய்த்தான் நடக்கும், ஏழாம் இலக்கம் கட்டாயம் ஆடும் என்பார்கள். முதலில் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது என்று நினைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தார், எடுத்த கையில் அது அடித்தது.

"அப்பா, எழுதிட்டீங்களோ?"

வதனி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். குணநாயகம் அவளைப் பார்த்தபடி "ஓமடா, எழுதி அனுப்பிட்டன்" என்றார்.

"ஐயோ. எங்கட பேரைப் போட்டிட்டீங்களோ?"

"போடேல்லையடா."

"அப்பாடா! தெய்வமப்பா நீங்கள்." உண்மையான சந்தோஷம், காது நிறையக் கேட்டது. "போட்டிருந்தீங்களெண்டா நான் பேரை மாத்திக்கொண்டு லேக்சைட்டுக்குப் போயிருப்பன்."

மூச்சு விட்டான். அப்பாவின் சிரிப்புக்காகக் காத்திருந்தான். பின்னால் பெடியள் கத்துகிற சத்தமும் ஆரோ விசில் ஊதுகிற சத்தமும் கேட்டன. குணநாயகம் சிரிக்கவில்லை.

"தம்பி, எங்க நிக்கிறாய்?"

"கிரவுண்டில. பூட்ஸ் போடுறன். ஏனப்பா?"

"பூட்ஸைக் கழட்டடா" என்றார். "கழட்டிப்போட்டு அதிலயே இரு. நானும் அம்மாவும் வாறம்."